மாமா ஊற்றிய தண்ணீர்

நம் வயதுக்காரர்களுக்குச் சில சொற்களை விளக்க வேண்டியதில்லை. பரிசுத்த ஆவியை நாம் இஸ்பிரீத்து சாந்து என்றோம். புனிதர்களை அர்ச்சியசிஷ்டவர்கள் என்றோம். முன்பல் விழுந்த வயதில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் உபதேசியாரின் பிரம்பு வந்துவிடும். இப்போது கோயிலில் அந்தச் சொற்கள் இல்லை. என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவன் அல்ல. படிப்பும் ஐந்தாவதோடு சரி. எழுதும்போது எதிரில் ஒருவரும் உட்கார்ந்திருப்பதில்லை என்பதால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, எளாவூர் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. தொழிற்பேட்டை எஸ்டேட் வருவதற்கு முந்தைய காலம். ஆண்கள் பாதிப்பேர் அடுத்தவர் நிலத்தில் நாற்று பிடுங்கினார்கள், மீதிப்பேர் ரயில்வேயில் கேங் கூலி. என் நைனா கேங் கூலி. மழைக்காலத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அரிது. பாதையில் மண் அரிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பார், எங்கேயாவது தண்டவாளத்தோரக் குடிசையில் படுப்பார்.

கோயில் ஓடு வேய்ந்த ஒரு நீளக் கட்டடம். உள்ளே போனால் வௌவால் புழுக்கையும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த ஒரு வாடை வரும். சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். மணியடிப்பது, செபம் சொல்வது, சாவு எடுப்பது, எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது, எல்லாம் அவர். வேட்டி எப்போதும் வெளுப்பாக இருக்கும். ஏழைதான், ஆனால் ஒருவர் வீட்டிலும் கை நீட்ட மாட்டார்.

பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் சட்டம் போட்ட நான்கு படங்கள் வரிசையாகத் தொங்கின. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் கொண்டுவந்து மாட்டியவை. ஒருவர் காலடியில் சிங்கம் படுத்திருக்கும். ஒருவர் பக்கத்தில் தேன்கூடு. ஒருவர் தோளில் புறா. நான்காமவர் கையில் ஓர் இருதயம் தீப்பற்றி எரியும். வகுப்பில் சிங்கத்துக்குக் கீழே உட்காரப் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். எரியும் இருதயத்துக்குக் கீழே மூலை, வெளிச்சம் வராது. அதனால் அங்கே நான் உட்கார்ந்தேன்.

"இவங்க நாலு பேரும் வேதபாரகர்கள்" என்பார் உபதேசியார், பிரம்பால் ஒவ்வொரு கண்ணாடியையும் தொட்டு. "ஆதிகாலத்துச் சபையில வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவங்க. எதை நம்பணும், எதை நம்பக் கூடாதுன்னு எழுதி வெச்சவங்க. இன்னிக்கும் இவங்க பேச்சுதான் நடக்குது. போப்பாண்டவரே இவங்க பேச்சைத் தட்ட மாட்டாரு."

எரியும் இருதயக்காரர் அர்ச். அகுஸ்தீன். ஆப்பிரிக்காவில் பிறந்தவர் என்று உபதேசியார் சொன்னபோது, படத்தில் வெள்ளையாக இருக்கிறாரே என்று ஒருவன் கேட்டு அடி வாங்கினான். அவரைப் பற்றி உபதேசியார் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சின்ன வயதில் தப்பு வழியில் போனவர், அவருடைய தாய் அழுது அழுதே அவரைத் திருப்பினாள் என்பது. இன்னொன்று, ஞானஸ்நானம் பெறாமல் சாகிற குழந்தைக்கு மோட்ச வாசல் திறக்காது என்று அவர் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்பது. அந்தக் குழந்தைகளுக்கென்று ஓர் இடம் உண்டாம். அடியும் இல்லை, நெருப்பும் இல்லை. ஆனால் சாமி முகத்தைப் பார்க்க முடியாது. அம்மா முகத்தையும்.

அந்த இடத்தில் விளக்கு இருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. எளாவூர் செக்போஸ்டில் லாரி கிளீனர். உடம்பெல்லாம் டீசல் வாசனை. இடுப்பில் ஒரு கயிற்றில் நீல எனாமல் குவளை தொங்கும். டீ குடிப்பதற்கும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குப் பெண்ணொருத்தியோடு குடித்தனம். அவள் நம் வேதக்காரி அல்ல, கோயிலில் வைத்துக் கட்டிய கல்யாணமும் அல்ல. அதனால் பூசையில் மாமாவுக்கு நன்மை அப்பம் கொடுப்பதில்லை. ஒரு முறை உபதேசியாரோடு வாய்ச்சண்டை முற்றியதில் கோயிலுக்குள் காலே வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. பூசை ஞாயிறுகளில் புளியமரத்தடியில் நின்று, உள்ளே மணியடிக்கும்போது சரியாக மண்டியிடுவார். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்த பையன் அவர். லத்தீன் மந்திரமெல்லாம் தலைகீழாக வரும்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் கேள்வி எனக்குத்தான்.

"இன்னாடா, இன்னிக்கு உங்க உபதேசியாரு இன்னா அவுத்து உட்டாரு?"

"அகுஸ்தீன் கதை மாமா. அவரு சின்ன வயசுல கல்யாணம் கட்டாமலே ஒரு பொம்பளையோட இருந்தாராம். புள்ளைகூட இருந்துச்சாம்."

மாமாவுக்கு டீ புரையேறிவிட்டது. "அட, நம்ம ஆளுடா! அப்பால இன்னா பண்ணாங்கோ? புளியமரத்தாண்ட நிக்க வெச்சாங்களா?"

"இல்ல மாமா. மேற்றிராணியாரா ஆக்கிட்டாங்க." ஆயரை அப்போது அப்படித்தான் சொல்வோம்.

"கேட்டியாக்கா? எனக்கும் ஒரு தொப்பி தச்சு வெக்கச் சொல்லு."

அம்மா முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. "வாய்க்கொழுப்புடா உனக்கு. அவரு அவள உட்டுட்டு வந்தாரு. நீ உடுவியா?"

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது மட்டும் ஆவாதுக்கா. என்ன நம்பி வந்துக்கீறா. அவளுக்கு யாருகீறாங்கோ, சொல்லு."

அவர் கிளம்பும்போது அம்மா அந்தத் தெலுங்குப் பெண்ணுக்கென்று வாழையிலையில் கருவாட்டுக் குழம்புத் துண்டுகளைக் கட்டிக் கொடுத்தாள். அப்படித்தான் இருந்தார்கள் இரண்டு பேரும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. ஆரணியாற்றில் தண்ணீர் புரண்டு வந்தது. அந்த மழையில்தான் என் தங்கை எட்டாம் மாசத்திலேயே பிறந்தாள். ஒரு கை அகலம்தான் இருந்தாள். அழுதால் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். வீட்டில் காயாத துணிகளின் புழுங்கல் வாடை, பால் வாடை, சாம்பிராணி. கூரை ஒழுகிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்திருந்தோம். சொட்டுகிற சத்தத்தை வைத்தே இருட்டில் எது அண்டா, எது தட்டு என்று சொல்லிவிடுவேன்.

உபதேசியார் குடையோடு வந்து குழந்தையைப் பார்த்தார். தானே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை சாமியார் கையாலேயே ஆகட்டும் என்றாள். எனக்கு அப்படித்தான் நடந்ததாம். ஞானத்தாய் மீஞ்சூரிலிருந்து வர வேண்டும், வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறாள். உபதேசியார் குழந்தையின் மூச்சைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, "சரி, தாங்கும்" என்றார். இரண்டு பேருமே நல்லதைத்தான் நினைத்தார்கள். ஞாயிறு வந்தது. ஆற்றைத் தாண்டிச் சாமியாரால் வர முடியவில்லை.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, மதியம். மாமா சைக்கிள் டியூப்பைச் சுற்றி நனையாமல் ஒரு ரொட்டி கொண்டுவந்திருந்தார். அம்மா பால் கொடுக்கக் குழந்தையை எடுத்தவள் அப்படியே நின்றாள். உதடு நீலமாக இருந்தது.

"ஓட்றா, உபதேசியார இட்டாடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். மாமாவைப் பார்த்து, "நீ போயி கோடி ஊட்டு அக்காவ இட்டா. அவங்க ஊத்தட்டும்" என்றாள். கோடி வீட்டு அக்கா தினம் ஜெபமாலை சொல்கிறவர். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பெற்றவள் மட்டும் கொடுக்கக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு. அது எந்த வேதபாரகர் சொன்னதோ தெரியாது.

உபதேசியார் வீட்டில் அவர் இல்லை. சாமியாரைப் பற்றித் தகவல் கேட்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். நான் சேற்றில் விழுந்து எழுந்து திரும்பி வந்தேன்.

வாசலில் நின்று பார்த்ததை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். மாமா கோடி வீட்டுக்குப் போகவில்லை. வாசல் வரை போனவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார். அவர் இடது உள்ளங்கையில் குழந்தையின் தலை இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. வலது கையில் நீலக் குவளை. மூன்று முறை நெற்றியில் ஊற்றினார். "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றார். எங்கள் பாட்டி பேரைக் குழந்தைக்கு வைத்தார். குடித்துவிட்டுப் பேசும் மாமாவின் குரல் அல்ல அது. பூசைக்குப் பதில் சொல்கிற சின்னப் பையனின் குரல்.

குழந்தை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவ்வளவுதான்.

சாயங்காலம் உபதேசியார் வந்தார். மாமா வாசலுக்கு வெளியே மழையில் நின்றார்.

"கொழந்தைக்குத் தண்ணி ஊத்தியாச்சுங்க" என்றாள் அம்மா.

"யாரு ஊத்துனது?"

நான் வாயைத் திறந்தேன். "மாமா ஊத்துனாரு. மூணு தபா. மந்திரம் சரியா சொன்னாரு. நான் பாத்தேன்."

உபதேசியார் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு ஞாபகம். கண் கலங்கியிருந்தது. "ஊத்துனது சரிம்மா. ஆனா சாவான பாவத்துல கெடக்கறவன், சபைக்கு வெளியில நிக்கறவன். அவன்கிட்ட தேவ வரப்பிரசாதம் இல்லியே. தன் கையில இல்லாதத அவன் எப்படிக் குடுப்பான்? வேதபாரகர்கள் சொல்லி வெச்சதை நான் மீற முடியுமா?"

வெளியிலிருந்து மாமா, "அய்யா, என்ன எங்க வேணா தள்ளு. கொழந்தைய உள்ள வெய்யி. உன் கால்ல உழறேன்" என்றார். சேற்றில் விழவும் செய்தார்.

உபதேசியார் அவரைத் தாண்டி நடந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்கு இடுப்பளவு மண்சுவர் உண்டு. மேற்குச் சுவருக்கு வெளியே, வேலிக்காத்தான் புதரோரமாக, ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகளையும் தூக்கு மாட்டிக்கொண்டவர்களையும் புதைப்பார்கள். அங்கே வைத்தோம். சிலுவை நடவில்லை. மீஞ்சூரிலிருந்து கவுன் வந்து சேர்ந்தது, பிறகு. அது யார் வீட்டுக்குப் போனதென்று தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கோடி ஊட்டு அக்காவ இட்டான்னு சொன்னேனாடா இல்லியா?"

"நேரம் இல்லக்கா. மூச்சு பூடுச்சுக்கா."

"ஓடியிருந்தா வந்துருப்பாங்க. நீ பெரிய சாமியாரு! உன் கையால ஊத்தணும்! என் கொழந்தைய இருட்டுல தள்ளிட்டியேடா. காலத்துக்கும் அது மூஞ்ச நான் பாக்க முடியாம பண்ணிட்டியே."

நைனா அப்போதுதான் பாதையிலிருந்து வந்திருந்தார். "உடு, அவன் இன்னா பண்ணுவான்" என்று சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

சில நாளில் கல்லறைத் திருநாள் வந்தது. தண்ணீர் வடிந்து சாமியாரும் வந்தார். எல்லாக் குழிகளுக்கும் சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். சாமியார் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். சுவருக்கு வெளியே போகவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் பெரிய படிப்பு படித்தவர், தெரிந்திருக்கும். ஆனால் கேட்டால் மாமாவின் குடித்தனத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்து அசிங்கத்தைச் சாமியார் காதில் போடுவானேன் என்று அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். உபதேசியாரும் ஞானஸ்நானம் இல்லாமல் செத்தது என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

எல்லாரும் உள்ளே இருந்தோம். மாமா மட்டும் வெளியே இருந்தார். அவரைத்தான் உள்ளே விடுவதில்லையே. புதரோரம் குந்தி, காற்றுக்குக் கையை அணைவைத்து, என் தங்கைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருத்தர்தான். அம்மா சுவரேறிக் குதித்துப் போய் அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"இன்னும் இன்னா பண்ணணும் அதுக்கு? என் ஊட்டு வாசப்படி மிதிச்சேன்னா நான் பொணமாதான் கெடப்பேன்."

மாமா எழுந்து கைலியில் ஒட்டிய முள்ளைத் தட்டினார். வயல் வரப்பில் இறங்கி நடந்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வருஷங்கள் போயின. மாமா லாரி ஓட்டுகிறார், கல்கத்தா வரைக்கும் போகிறார் என்று கேள்விப்பட்டோம். கூடூர்ப் பக்கம் லாரி கவிழ்ந்து இறந்தார் என்று ஒரு நாள் செக்போஸ்ட் ஆள் ஒருவர் வந்து சொன்னார். அம்மா அடுப்படியை விட்டு எழவில்லை. நைனா மட்டும் போய்வந்தார். உபதேசியாரும் காலமானார். கோயிலை இடித்துக் கட்டியபோது அந்த நான்கு படங்களும் எங்கோ போயின. எஸ்டேட் வந்தது. கல்லறைக்கு மேற்கே ஒரு கம்பெனி காம்பவுண்டு எழும்பியது. வேலிக்காத்தான் புதர் இருந்த இடத்தில் இரும்புக் கசடைக் கொட்டினார்கள். நான் டீக்கடையில் கிளாஸ் கழுவி, பிறகு இன்னொரு கம்பெனியில் இரும்பு உருக்குகிற இடத்தில் சேர்ந்தேன்.

புதிதாக வந்த இளம் சாமியார் ஞாயிறு சாயங்காலங்களில் தொழிலாளிகளுக்கு வகுப்பு எடுத்தார். ஆதிச் சபையின் தந்தையர்கள் என்று ஒரு நாள் தலைப்பு. சிங்கமும் தேன்கூடும் ஞாபகம் வந்து நான் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு சண்டையைச் சொன்னார். ராஜாவின் கொடுமைக்குப் பயந்து சில குருக்கள் வேதப் புத்தகங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டார்களாம். அப்படிப்பட்ட பாவிகள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, தன்னிடம் இல்லாததை ஒருவன் எப்படிக் கொடுப்பான் என்று ஒரு கூட்டம் பிரிந்து போயிற்றாம். ஊர் ஊராக அடிதடி. அப்போது அகுஸ்தீன் எழுந்து, ஞானஸ்நானம் கொடுக்கிறவன் சொத்து அல்ல, யார் கை ஊற்றினாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துதான் என்று நிலைநாட்டினாராம். சபை அன்றைக்கு அதை ஏற்றுக்கொண்டதுதான், இன்றுவரை மாறவில்லையாம்.

எல்லாரும் போகும் வரை காத்திருந்து, விளக்கை அணைக்க வந்தவரிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். லாரி, தெலுங்குப் பெண், நீலக் குவளை எல்லாம்.

"தண்ணி ஊத்துனாரா? மூவொரு பேரைச் சொன்னாரா? பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும்ங்கிற நினைப்போட செஞ்சாரா?"

"ஆமா சாமி."

"அப்புறம் என்னய்யா? தபால்காரன் குடிகாரனா இருந்தா வந்த மணியார்டர் உன்னது இல்லன்னு ஆயிடுமா? அது நூத்துக்கு நூறு ஞானஸ்நானம். ஞானஸ்நானமே இல்லாமப் போற பிள்ளைகளைப் பத்தி அகுஸ்தீன் கடுமையாத்தான் சொன்னாரு. இப்ப சபை அந்தப் பிள்ளைகளையும் ஆண்டவர் இரக்கத்துல ஒப்படைச்சு செபம் சொல்லி அடக்கம் பண்ணுது. ஆனா உன் தங்கச்சிக்கு அந்தப் பேச்சே வேண்டியதில்ல. அவளை உள்ளேதான் வெச்சிருக்கணும்."

இருட்டில் வீட்டுக்கு நடந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெரியவர் சொன்னதில் கதவை மூடுகிற பாதி எங்கள் ஊருக்கு முதலில் வந்துவிட்டது. திறக்கிற பாதி வழியிலேயே எங்கோ தங்கிவிட்டது. உபதேசியார் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அவ்வளவுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டாள்.

"அப்ப அவ மோட்சத்துலதான்கீறாளா?"

"ஆமாம்மா."

"எப்பலேந்து?"

"அன்னிக்கே."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். முகம் அப்படியே மலர்ந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த முகம். அது எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. "அப்ப அவன நான்..." என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளை பஸ்ஸில் அழைத்துப் போனேன். செக்போஸ்டைத் தாண்டி, லாரிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மாமா குடியிருந்த ஒற்றை அறை வீடு. அந்தத் தெலுங்குப் பெண், என் அத்தை, வாசலில் லாரிக்காரர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் அவளும் அதற்கு முன் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டாள்.

"வா வதினா" என்றாள். தெலுங்கில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

அம்மா நின்றபடியே சொன்னாள். அவன் ஊற்றியது செல்லும், குழந்தை நல்ல இடத்தில் இருக்கிறது, பெரிய வேதபாரகரே சொல்லியிருக்கிறார் என்று. அத்தை கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்து வடிய விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது தெரியாமலே பூட்டாரே அவரு" என்றாள். "பெரியவனுக்கு ஜொரம் வந்து வலிப்பு இழுக்குது. தலையில தண்ணி ஊத்துய்யான்னு நான் கத்தறேன். சொம்ப கீழ வெச்சிட்டு வெளிய ஓடுறாரு. என் கை ஆவாதுடி, நான் ஊத்துனா புள்ள இருட்டுக்குப் பூடும்ங்கறாரு. பக்கத்து ஊட்டுக்காரிதான் வந்து ஊத்துனா. ரெண்டு புள்ளைங்கள்ல ஒண்ணத்தக்கூட அவரு குளிப்பாட்டுனது இல்ல வதினா. தலைய தொட மாட்டாரு."

எண்ணெய் கருகுகிற வாசனை வந்தது. அத்தை கவனிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு ஒரு பையன் வந்தான். மாமாவின் நெற்றி, மாமாவின் காது. அம்மா கையை நீட்டினாள். அவன் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"யாரும்மா இது?"

"உங்க நைனாவோட அக்கா."

அவன் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நைனாவுக்கு யாருமே இல்லன்னு சொன்னியே" என்றான்.

அம்மா நீட்டிய கையை எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.